மான்ஸ்டர் டிரக் வெடிக்கிறதா, துள்ளுகிறதா, கவிழ்கிறதா? பீம்என்ஜி, ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் இரண்டிலும் கோளாறு தேடும் வழி

மாதத்துக்கு இரண்டு பேராவது கணினி சிமுலேட்டருக்கான மான்ஸ்டர் டிரக் மோட் (விளையாட்டில் கூடுதலாகச் சேர்க்க ரசிகர்கள் கட்டுவது) ஒன்றை ஜிப் ஃபைலாக அனுப்பி, "அண்ணா, வண்டியை மேப்பில் இறக்கினதுமே வெடிச்சிடுது, கொஞ்சம் பாருங்க" என்கிறார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, எடைக் கணக்கில் இருக்கிறது. ஆனால் எல்லாருடைய கையும் முதலில் போவது ஸ்பிரிங் எண்ணுக்குத்தான். அதைக் கூட்டிக் குறைத்து, பிறகு டேம்ப்பை (ஆட்டத்தைத் தணிக்கும் எண்) கூட்டி, கடைசியில் எது முதலில் இருந்தது என்றே தெரியாத நிலையில் ஃபைல் என்னிடம் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் இரண்டு சிமுலேட்டர்களுக்கு. ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் இலவசம், 2009 முதல் திறந்த மூலநிரல், வண்டி முழுவதும் ஒரே ஒரு டிரக் ஃபைலில் வெறும் எழுத்தாக இருக்கும். பீம்என்ஜி டிரைவ் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் தொடங்கி 2013-இல் வெளியிட்டது, வண்டி பல ஜேபீம் ஃபைல்களாகப் பிரிந்து கிடக்கும். இரண்டுமே வண்டியை நோடு, பீம் என்று முடிச்சும் கம்பியுமாகப் பிரித்து, நொடிக்கு 2,000 தடவை கணக்குப் போடுகின்றன. அதனால் நோய்களும் பெரும்பாலும் ஒன்றுதான், தெரியும் இடம்தான் வேறு. என்னைக் கேட்டால், சொந்தமாகச் சேஸியிலிருந்து கட்டிப் பழக ரிக்ஸ் ஆஃப் ராட்ஸ் நல்லது, ஏனென்றால் தப்பு எங்கே என்று ஒரே ஃபைலில் தேடினால் போதும். ஓட்டிப் பார்க்கவும் டயர் நசுங்குவதைப் பார்க்கவும் பீம்என்ஜிதான்.

## எதையும் தொடும் முன்

ஃபைலை நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பீம்என்ஜியில் கூடவே வருகிற டி-சீரிஸ் மான்ஸ்டர் டிரக்கை அதே மேப்பில், அதே இடத்தில் இறக்கி ஓட்டுங்கள். அதற்கும் அதே கோளாறு வந்தால் உங்கள் வண்டியை விட்டுவிட்டு மேப்பையோ கணினியையோ பார்க்க வேண்டும். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் நன்றாக ஓடுகிற ஏதாவது ஒரு பழைய வண்டியை இதற்காகவே வைத்திருங்கள்.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும். பீம்என்ஜியில் மாற்றிச் சேமித்துவிட்டு கண்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் வண்டி புதிதாக ஏறிவிடும், விளையாட்டை மூடித் திறக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் மூடித் திறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் உண்டு. நானும்தான்.

## அறிகுறி: இறக்கியதுமே வெடிக்கிறது, அல்லது நின்ற இடத்தில் நடுங்குகிறது

### வேறு மோட் குறுக்கிடுகிறதா?

பீம்என்ஜியின் லாஞ்சரில் சேஃப் மோட், அதாவது மோட்கள் எதுவும் ஏறாமல் திறக்கும் முறை, இருக்கிறது. அதில் திறந்து, உங்கள் வண்டியை மட்டும் சேர்த்து இறக்குங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் ஒரே பெயரில் இரண்டு பாகங்கள் இரண்டு மோட்களில் இருக்கின்றன என்று அர்த்தம். மற்ற மோட்களைப் பாதி பாதியாக அணைத்துத் தேடுங்கள், ஒவ்வொன்றாக அணைத்தால் விடிந்துவிடும். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் கேஷைப் புதுப்பித்தாலே சில நேரம் சரியாகும், ஏனென்றால் நீங்கள் திருத்திய ஃபைலை விட்டுவிட்டு அது பழையதையே படித்துக்கொண்டிருக்கும்.

### எழுத்துப் பிழையா?

பீம்என்ஜியில் டில்டே விசையை அழுத்திக் கன்சோலைத் திறந்து சிவப்பு வரிகளைப் படியுங்கள். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸுக்கு டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பிழைகள் பதிவாகும் லாக் ஃபைல் இருக்கும். இல்லாத நோடின் பெயர், மூடாத அடைப்பு, இவைதான் அடிக்கடி கண்ணில் படுபவை. எளிதில் கண்ணில் படாத பிழையும் ஒன்று உண்டு: ஒரே இரண்டு நோடுகளுக்கு நடுவே அதே பீமை இரண்டு தடவை எழுதியிருப்பது. காப்பி பேஸ்ட் செய்த சேஸிகளில் இது ஏராளம். அந்தக் கம்பி மட்டும் இரு மடங்கு விறைப்பாகி, அங்கிருந்துதான் நடுக்கம் கிளம்பும்.

### எடை குறைவா?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் பாதி வண்டிகள் இங்கேதான் அகப்படும்.

லேசான நோடில் விறைப்பான பீமைக் கட்டினால் கணக்கு கட்டுப்பாடு இழந்து எகிறும். அதைவிடப் பெரிய பொறி டேம்ப். நடுங்குகிறதே, தணிக்கலாம் என்று டேம்ப்பைக் கூட்டுவார்கள், ஒரு அளவுக்கு மேல் போனால் அந்த டேம்ப்பே வண்டியை வெடிக்க வைக்கும். தோராயமாக ஒரு சோதனை சொல்கிறேன்: டேம்ப் எண்ணை 2,000-ஆல் வகுங்கள், வந்ததை அந்த நோடின் கிலோ எடையால் மறுபடி வகுங்கள். விடை ஒன்றை நெருங்கினாலே ஆபத்து, இரண்டைத் தாண்டினால் வெடிக்கும். அதுவும் ஒரே ஒரு பீமுக்கு, ஒரு நோடில் பத்து பீம் சேர்கிறது என்றால் இன்னும் மோசம்.

போன வருடம் ஒரு தம்பி அனுப்பிய வண்டி ஞாபகம் வருகிறது. ரிக்ஸ் ஆஃப் ராட்ஸிலிருந்து பீம்என்ஜிக்கு மாற்றியது. முன்பக்கம் சாதுவாக நிற்கிறது, பின் ஆக்சில் மட்டும் மேப்பில் இறங்கியதும் உர்ரென்று ஆடி, மூன்றாவது நொடியில் ஒரு டயர் வானத்துக்குப் போகிறது. திறந்து பார்த்தால் பின்பக்கம் ஷாக் (ஷாக் அப்சார்பர்) மாட்டும் இடத்தில் நோடு ஒவ்வொன்றும் 2.5 கிலோ, பீம் டேம்ப் 12,000. அந்த 12,000 ரிக்ஸ் ஆஃப் ராட்ஸின் இயல்பு எண். அங்கே மினிமாஸ் என்று ஒன்று நோடின் எடை 50 கிலோவுக்குக் கீழே போகாமல் பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த எண் பொருந்துகிறது. பீம்என்ஜியில் நீங்கள் எழுதிய எடைதான் எடை. 12,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 6, அதை 2.5-ஆல் வகுத்தால் 2.4. வெடிக்காமல் என்ன செய்யும்? டேம்ப்பை 150 ஆக்கினேன், வேறு எதையும் தொடவில்லை, வண்டி பசு மாதிரி நின்றது.

### இன்னும் நிற்கவில்லை என்றால்

பாடியைக் கழற்றிவிட்டுச் சேஸியை மட்டும் இறக்குங்கள். நின்றால் முன் ஆக்சிலைச் சேருங்கள், பிறகு பின் ஆக்சில், பிறகு டயர். எந்தப் பாகத்தைச் சேர்த்ததும் நடுக்கம் வருகிறதோ அங்கே நோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றனவா, டயர் பாடியில் உரசும்படி செல்ஃப் கொலிஷன் (வண்டியின் பாகங்கள் தமக்குள் மோதுவது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் கே விசையை அழுத்தினால் நோடும் பீமுமான எலும்புக்கூடு தெரியும், சிக்கல் கண்ணாலேயே தெரிந்துவிடும். இதற்குப் பிறகும் நிற்காத வண்டி வேறொருவர் கட்டியது என்றால் அவரிடமே லாக்கோடு அனுப்புங்கள். நீங்களே கட்டியது என்றால் அந்த ஆக்சிலை முதலிலிருந்து எழுதுவதுதான் வழி, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு யாரும் கரையேறியதை நான் பார்த்ததில்லை.

## அறிகுறி: தாவி இறங்கியதும் பந்து மாதிரி துள்ளுகிறது

### டயர் காற்று

முதலில் இதுதான், செலவே இல்லை. நிஜ மான்ஸ்டர் டிரக் டயர் 66 அங்குல உயரம், 43 அங்குல அகலம், காற்று ஏறக்குறைய 20 பிஎஸ்ஐதான். கார் டயர் மாதிரி 35 வைத்திருந்தால் நான்கு பலூன்களின்மேல் வண்டியை நிறுத்தியது போலத்தான். பீம்என்ஜியில் டியூனிங் பக்கத்தில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். அப்படியே டயரின் ரேடியஸையும் ஒரு பார்வை பாருங்கள்: 0.84 மீட்டருக்குப் பதில் 1.68 என்று விட்டத்தைப் போட்டுவிட்டு, "ஏன் அண்ணா வண்டி யானை மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு?" என்று கேட்டவர்கள் இருவர்.

### மீளும்போது டேம்ப் இருக்கிறதா?

ஷாக் அமுங்கும்போது ஒரு தடை, நீளும்போது ஒரு தடை. நிஜ வண்டியில் நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக், உள்ளே எண்ணெய், பயண தூரம் 26 முதல் 30 அங்குலம். அத்தனை தூரம் அமுங்கிய வாயு ஒரேயடியாகத் திரும்பி உதைக்காமல் பிடிப்பது நீளும்போது உள்ள தடைதான். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் பழைய ஷாக்ஸ் பிரிவில் இரண்டுக்கும் ஒரே எண், அதில் எவ்வளவு திருகினாலும் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். ஷாக்ஸ்2 பிரிவுக்கு மாறுங்கள், இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கலாம். பீம்என்ஜியில் பவுண்டட் வகைப் பீமில் (அமுங்கவும் நீளவும் எல்லை வைத்தது) அமுங்குவதற்கு பீம்டேம்ப் ஒன்று, நீளுவதற்கு பீம்டேம்ப்ரீபவுண்ட் ஒன்று. நான் ரீபவுண்டை இரு மடங்கில் தொடங்கி, வண்டி ஒரு தடவை மட்டும் லேசாக எழும்பி அடங்கும் வரை கூட்டுவேன். அதிகமாகிவிட்டால் அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் நீளவே நேரமில்லாமல் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டே போகும், அப்போது குறைக்க வேண்டும்.

### டொம் என்று சத்தம் கேட்டுத் துள்ளுகிறதா?

அப்படியானால் ஷாக் கடைசிவரை அமுங்கி முட்டுகிறது. அமுங்கும் எல்லையான ஷார்ட்பவுண்டில் இருக்கும் லிமிட் ஸ்பிரிங் மிக விறைப்பாக இருக்கலாம், அதைக் குறையுங்கள். அது போதவில்லை என்றால் நேர்கோட்டு ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, அமுங்க அமுங்க இறுகும் வகைக்குப் போக வேண்டும். பீம்என்ஜியில் பிரஷர்ட் வகைப் பீம் வாயு அழுத்தத்தையே கணக்குப் போடும், ஷாக்ஸ்2-இல் புரோகிரஸிவ் எண்கள் உண்டு. இது அரை நாள் வேலை, அவசரத்தில் தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கம், நீளும் எல்லையான லாங்பவுண்ட் அளவுக்கு மீறி இருந்தால் வண்டி காற்றில் இருக்கும்போது ஆக்சில் தொங்கும். நிஜத்தில் இதற்கென்றே பட்டை கட்டியிருப்பார்கள். மேப்பில் இறக்கியதும் ஒரே ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்கினால் மட்டும் அது ப்ரீகம்ப்ரஷன் எண் (ஸ்பிரிங்கின் தொடக்க நீளத்தைத் தீர்மானிப்பது), கொஞ்சம் குறைத்தால் சரி.

## அறிகுறி: திருப்பினாலே கவிழ்கிறது

நிஜ வண்டி பார்க்கத்தான் உயரம். அகலம் சுமார் 3.8 மீட்டர், உயரம் 3.2 மீட்டர்தான். எடை 5,400 கிலோவை ஒட்டி, அதில் டயரும் ரிம்மும் சேர்ந்தே ஒவ்வொரு மூலையிலும் ஏறக்குறைய 300 கிலோ. மேலே இருப்பது ஃபைபர் கிளாஸ் கூடு. கனமெல்லாம் கீழே.

மோட் வண்டிகளில் இது தலைகீழாகிவிடுகிறது. சாதாரண பிக்கப் வண்டியின் பாடியை எடுத்து, இரும்புத் தகட்டின் எடை அப்படியே இருக்க, சேஸியின் தலையில் வைத்துவிடுவார்கள். பீம்என்ஜியின் டீபக் (பிழை தேடும்) வசதியில் ஈர்ப்பு மையத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அது டயரின் மேல் விளிம்புக்கும் மேலே இருந்தால் பாடி நோடுகளின் எடையைக் குறைத்து ஆக்சிலுக்கும் டயருக்கும் கொடுங்கள், மொத்தம் மாறக் கூடாது. டயரின் எடையைக் கூட்டினால் மேலே சொன்ன துள்ளல் திரும்ப வரலாம், அதையும் மறுபடி பாருங்கள்.

எடை சரியாக இருந்தும் கவிழ்கிறது என்றால் தரையைப் பாருங்கள். தார் ரோட்டில் மான்ஸ்டர் டிரக்கை முழு வேகத்தில் திருப்பினால் கவிழத்தான் செய்யும், அது கோளாறே இல்லை. மண் தரையில் சோதியுங்கள். மண்ணிலும் அப்படியே என்றால் டயரின் ஃப்ரிக்ஷன் எண்ணை யாரோ பிடிமானம் வேண்டி ஏற்றியிருப்பார்கள், டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டு மேலே இருப்பது சாய்கிறது. தட்டாமாலை சுற்றும்போது மட்டும் கவிழ்கிறது என்றால் நீங்கள் ஆக்சிலரேட்டரை விடும் நேரம்தான் தவறு. திடீரென்று காலை எடுத்தால் டயர் பிடித்துவிடும், மெல்ல விடுங்கள்.

## அறிகுறி: பின்சக்கரம் திரும்பவில்லை, அல்லது திரும்பினது திரும்பினபடியே நிற்கிறது

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அது பல நேரம் சரியான நடத்தைதான். நிஜ வண்டியில் முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங், பின்சக்கரத்துக்குத் தனி சுவிட்ச். சுவிட்சை விட்டால் சக்கரம் தானாக நேராகாது, ஓட்டுநர்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மோட் கட்டியவர் அதை அப்படியே செய்திருப்பார். தானாக நேராக வேண்டும் என்றால் ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் கமாண்ட்ஸ்2 வரியில் (விசையால் அசையும் பீம்களை எழுதும் பிரிவு) விசை எண்களுக்கு அடுத்து 'சி' என்ற குறி எழுத்தை, அதாவது கொடியை, சேருங்கள்.

திரும்பவே இல்லை என்றால்:

- பீம்என்ஜியில் வண்டிக்குரிய விசைகள் அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கண்ட்ரோல்ஸ் பட்டியலில் தெரியும். வண்டியை இறக்கிவிட்டுப் போய்ப் பாருங்கள், விசை ஒதுக்கப்படாமல் காலியாக இருக்கும்.
- ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் எஃப்1 முதலான விசைகளில்தான் கமாண்டுகள் இருக்கும். லேப்டாப்பில் அந்த விசைகள் சத்தம், வெளிச்சம் என்று பூட்டப்பட்டிருந்தால் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்காக ஒரு வண்டியையே திருப்பி எழுதியவர் உண்டு.
- விசை வேலை செய்கிறது, சக்கரம் அசைகிறது, ஆனால் ஒரு பக்கம் அதிகமாகத் திரும்புகிறது என்றால் சக்கரத்தைத் திருப்ப நீண்டு சுருங்கும் ஹைட்ரோ பீம் ஒன்றின் நோடு இடம் மாறிவிட்டது. இடது வலது ஒருசேர இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை

பி விசை பார்க்கிங் பிரேக், இரண்டிலும். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கலாம்.

அதெல்லாம் சரி, தாவி இறங்கிய பிறகுதான் இப்படி ஆகிறது என்றால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே தரையில் இறங்கியிருப்பீர்கள். காற்றில் வெறிகொண்டு சுற்றிய 300 கிலோ டயர் தரை தொட்டதும் நிற்கிறது, அந்த முறுக்கு முழுவதும் ஆக்சில் ஷாஃப்டில் விழுந்து அது உடைகிறது. மெத்தனாலில் ஓடும் 1,500 குதிரைத்திறன் என்ஜினுக்கு நிஜத்திலும் இதேதான் நடக்கும். வண்டியை ரீசெட் செய்து, இறங்கும்போது காலை எடுத்துப் பாருங்கள். அப்போதும் உடைந்தால் ஷாஃப்டின் தாங்கு எண்ணை ஏற்றலாம், ஆனால் உடையவே உடையாது என்று வைத்துவிட்டால் முறுக்கு அடுத்த பலவீனமான இடத்துக்குப் போகும். பொதுவாக அது ஆக்சிலைச் சேஸியோடு பிடித்திருக்கும் நான்கு இணைப்புக் கம்பிகளில் ஒன்று.

ஆக்சில் ஓட்டும்போது முறுக்கிக்கொண்டு சேஸிக்குள் புகுந்தால் அந்த இணைப்புக் கம்பிகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

## அறிகுறி: படம் ஸ்லோமோஷனில் ஓடுகிறது

ஸ்லோமோஷனா, தடங்கித் தடங்கி ஓடுகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தடங்கினால் கிராபிக்ஸ், தெளிவையும் நிழலையும் குறைத்தால் தீரும். வழுவழுப்பாகவே ஆனால் மெதுவாக ஓடினால் பிராசஸர் 2,000 தடவை கணக்கை முடிக்க முடியாமல் திணறுகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. இது தெரியாமல் கார்டுக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டு வந்து கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

காசில்லாதது முதலில். லேப்டாப் சார்ஜரில் இருக்கிறதா, பவர் மோட் முழு வேகத்தில் இருக்கிறதா? அடுத்து, நசுக்குவதற்கு வரிசையாக நிறுத்திய பழைய கார்கள். பீம்என்ஜியில் ஒவ்வொரு காரும் ஒரு முழு வண்டிதான், ஒவ்வொன்றும் பிராசஸரில் தனியாக ஒரு வேலை. எட்டு கார் நிறுத்தினால் ஒன்பது வண்டி ஓடுகிறது. இரண்டை மட்டும் உண்மையான கார்களாக வைத்து, மற்றதை மேப்போடு ஒட்டிய அசையாத மாடலாக மாற்றுங்கள்.

ஒற்றை வண்டியே மெதுவாக ஓடுகிறது என்றால் டயரின் நம்ரேஸ் எண்ணை (டயர் வட்டத்தை எத்தனை பிரிவாகப் பிரிப்பது என்பது) பாருங்கள். 24 வைத்திருந்தால் 16 ஆக்குங்கள். நான்கு டயரிலும் சேர்ந்து நோடுகள் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கூடவே வருகிற டி-சீரிஸ் வண்டியை மட்டும், காலியான மேப்பில் இறக்கியும் மெதுவாக ஓடுகிறது என்றால் பிராசஸரின் சூட்டை ஏதாவது மென்பொருளில் பாருங்கள். 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது தானாக வேகத்தைக் குறைக்கிறது. டெஸ்க்டாப் என்றால் தூசு தட்டலாம். லேப்டாப் என்றால் நீங்களே திறக்காதீர்கள், சர்வீஸ் கடையில் கொடுத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். சூடும் சரியாக இருந்தால்தான் புதுப் பிராசஸர் பற்றிய பேச்சு. ஒரே வண்டி ஓட்டுகிறவருக்கு ஒற்றைக் கோரின் வேகம் முக்கியம், பத்து வண்டி வைத்து ஓட்டுகிறவருக்குக் கோர்களின் எண்ணிக்கை.

## அறிகுறி: நசுக்க வேண்டிய காருக்குள் டயர் புகுந்து போகிறது

காரின் நோடுகள் தூரம் தூரமாக இருந்தால் டயர் நடுவே நழுவிவிடும். நோடுகளுக்கு நடுவே பரப்பாக அமையும் முக்கோணங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள், ரிக்ஸ் ஆஃப் ராட்ஸில் அவற்றை எழுதும் சப்மெஷ் வரிகளில் 'சி' கொடி இல்லாவிட்டால் மோதலே கிடையாது. பீம்என்ஜியில் டயரின் நோடுகளுக்கு கொலிஷன் அணைக்கப்பட்டிருக்கலாம்.

## அறிகுறி: பட்டியலிலேயே வண்டி இல்லை, அல்லது ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது

ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருக்கும். அல்லது வெஹிக்கிள்ஸ் ஃபோல்டருக்கு வெளியே இன்னொரு ஃபோல்டர் சுற்றியிருக்கும். ஜிப்பைத் திறந்ததும் நேராக வெஹிக்கிள்ஸ் தெரிய வேண்டும். ஆரஞ்சு நிறம் என்றால் படங்கள் கிடைக்கவில்லை. விளையாட்டு புதுப்பிக்கப்பட்டபோது ஃபைல்களின் இடம் மாறியிருக்கலாம், இது மோட் கட்டியவர் சரிசெய்ய வேண்டியது. அவருக்கு எழுதும்போது "ஓடல" என்று மட்டும் எழுதாமல் லாக் ஃபைல், விளையாட்டின் பதிப்பு எண், எந்த மேப், சேஃப் மோடில் என்ன ஆனது, இந்த நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். எனக்கு அனுப்பினாலும் அப்படித்தான்.